பெட்டி மூன்று, கேபிள் பூஜ்யம்

மாடி அறையில் வைஃபை எடுக்கவில்லை என்று அழைப்பு வந்தால், நெட்வொர்க் வேலை பார்ப்பவர் இப்போதெல்லாம் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவது மெஷ் கிட்டைத்தான். கூடத்தில் ஒரு பெட்டி, படிக்கட்டில் ஒன்று, மாடியில் ஒன்று. அரை மணி நேர வேலை. கைபேசியில் சிக்னல் கோடுகள் முழுதாக நிற்கின்றன. வீட்டுக்காரரும் மகிழ்ச்சியோடு பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். பத்து நாள் கழித்து அதே எண்ணிலிருந்து மறுபடி அழைப்பு வருகிறது: "கோடு ஃபுல்லாத்தான் தம்பி இருக்கு. ஆனா வீடியோ சுத்திக்கிட்டே இருக்கு."

அந்தக் கோடு சொல்வது கைபேசிக்கும் பக்கத்துப் பெட்டிக்கும் உள்ள நெருக்கத்தை மட்டும்தான். அந்தப் பெட்டி தனக்கு முந்தைய பெட்டியோடு எப்படிப் பேசுகிறது என்பதை அது சொல்லாது. விலை குறைந்த டூயல் பேண்ட் கிட்டுகளில் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ பெட்டிக்கு ஒன்றுதான். கைபேசி கேட்டதை வாங்குவதும் அதுதான், அதே சேனலில் அடுத்த பெட்டிக்குக் கடத்துவதும் அதுதான். ஒன்று பேசும்போது மற்றவை வாயை மூடிக் காத்திருக்க வேண்டும். ஆகவே ஒரு தாவலுக்கே வேகம் ஏறக்குறையப் பாதியாகிறது. கூடம், படிக்கட்டு, மாடி என்று வரிசையாக வைத்தால் கடைசிப் பெட்டிக்கு மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்கு. பெட்டிகள் தங்களுக்குள் பேசும் பேக்ஹாலுக்கென்று தனி ரேடியோ உள்ள ட்ரை-பேண்ட் கிட் இதைத் தீர்க்கும். ஆனால் அதன் விலையைக் கேட்டபின் 'சிக்கனம்' என்ற பேச்சை எடுக்க முடியாது.

சுவரும் ஒரு காரணம். ஈரோ, கூகுள் வைஃபை போன்ற கிட்டுகள் 2016-ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. அங்கே பெரும்பாலான வீடுகள் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும். இங்கே ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே கம்பி கட்டிய கான்கிரீட் தளம். போதாக்குறைக்கு, பெட்டிக்கும் பெட்டிக்கும் நேர்க்கோட்டில் ஓர் இரும்பு பீரோ. அட்டைப்பெட்டியில் அச்சிட்ட சதுர அடிக் கணக்கை நம்பி எத்தனை பெட்டி என்று முடிவு செய்பவர், ஆளைப் பார்க்காமலே சட்டைக்கு அளவெடுப்பவர்.

மலிவு மெஷ் என்றால் பலரும் சுட்டிக்காட்டும் ஓர் இந்திய முன்னோடி உண்டு. 2005 தொடக்கத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என்று ஆனதும், இமாச்சலப் பிரதேசத்தின் தர்மசாலாவில் திபெத்திய அமைப்புகளை இணைத்து ஒரு சமூக மெஷ் எழுந்தது. கருவி, கடையில் கிடைத்த லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி. அதற்குள் மாற்றி எழுதிய ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருள். முப்பதுக்கும் மேற்பட்ட நோடுகள் ஒரே சேனலில் ஓடின. இரண்டாயிரத்துக்கும் அதிகமான கணினிகள் அதில் தொங்கின. குரங்குகளின் சேட்டையையும் அந்தப் பெட்டிகள் தாங்கவேண்டியிருந்தது. ஒரே சேனலில் அந்த மெஷ் எப்படித் தாக்குப்பிடித்தது? வெளியிலிருந்து வந்த இணைய வேகமே மொத்தம் 6 எம்பிபிஎஸ்தான். தாவலுக்குத் தாவல் வேகம் குறைந்தாலும் மிச்சமிருப்பது அந்த ஆறைக் கடத்தப் போதுமானதாக இருந்தது. இன்று வீட்டு வாசலுக்கே ஃபைபரில் 200, 300 எம்பிபிஎஸ் வந்து நிற்கிறது. குறுகலான இடம் தெருவிலிருந்து வீட்டுக்குள் குடிபெயர்ந்துவிட்டது.

அந்தக் குறுகலை அகலமாக்கும் மிக மலிவான பொருள் கேபிள். கேட்-5இ கேபிளே நூறு மீட்டர் வரை ஒரு கிகாபிட்டைத் தாங்கும். கூடத்திலிருந்து மாடிக்கு வேண்டியதோ பெரும்பாலும் இருபது, முப்பது மீட்டர். சுவரைக் கொத்தவேண்டுமே என்று வீட்டுக்காரர் தயங்குவார். மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து டிவிக்கு இறங்கும் ஒயர் எந்த வழியாக வந்திருக்கிறது என்று முதலில் பார்க்கலாம். அனேகமாக அங்கே துளை ஏற்கெனவே இருக்கும். வெளிச்சுவரில் வெயில்படும் இடத்தில் கறுப்பு உறை போட்ட அவுட்டோர் கேபிள் வேண்டும், உள்ளே போடுவது அங்கே நாளடைவில் வெடித்து உதிரும். மின் ஒயர் ஓடும் பைப்பிலேயே இதையும் திணிக்கும் பழக்கத்தை எலக்ட்ரீஷியன்கள் கைவிட வேண்டும்.

இதிலும் மலிவு ஓரிடத்தில் கடிக்கும். சந்தையில் பாதி விலைக்குக் கிடைக்கும் சிசிஏ கேபிள், அலுமினியக் கம்பிமேல் செம்பு பூசியது. மின்தடை கூடுதல், வளைத்தால் ஒடியும், பிஓஇ முறையில் கேபிள் வழியே மின்சாரம் அனுப்பினால் சூடேறும். கேட்-5இ, கேட்-6 தரநிலைகள் அதை ஏற்பதே இல்லை. உறையைச் சீவி, கத்தியால் கம்பியைச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். இன்னொன்று, நாலு ஒயரை மட்டும் கிரிம்ப் செய்யும் பழைய கை. நூறு எம்பிபிஎஸ் காலத்தில் இரண்டு ஜோடி போதும்; கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். 300 எம்பிபிஎஸ் பிளான் போட்ட வீட்டில் வேகச் சோதனை 95-ஐத் தாண்ட மறுத்தால், நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன் ஆர்ஜே-45 முனையைப் பார்ப்பது நல்லது. விலை குறைந்த மெஷ் கிட்டுகள் சிலவற்றில் போர்ட்டே நூறு எம்பிபிஎஸ்தான் என்பதையும் வாங்குமுன் படித்துவிட வேண்டும்.

கேபிள் போட்டபிறகு கிட் தேவையா என்பதே கேள்வி. பல வீடுகளில் பரணில் ஒரு பழைய ரவுட்டர் தூங்குகிறது. அதன் டிஹெச்சிபியை நிறுத்தி, கேபிளை வான் போர்ட்டில் குத்தாமல் லேன் போர்ட்டில் குத்தி, அதே வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, 2.4-ல் சேனலை 1, 6, 11 என்று பிரித்துவிட்டால் அது அக்சஸ் பாயின்ட். இதை மெஷ் என்று அழைக்கலாகாது என்று தூயவாதிகள் சண்டைக்கு வரலாம். வீடுகளில் மெஷ் என்று விற்கப்படுவதும் பெரும்பாலும் ஒரு வேரிலிருந்து கிளைக்கும் மரம்தான், வலை அல்ல.

கேபிள் போகவே முடியாத வீடுகள் உண்டு. அங்கே ரேடியோதான் கதி. ஓப்பன்டபிள்யூஆர்டியில் 802.11எஸ் மெஷ் கட்டலாம். கடவுச்சொல்லோடு ஓட, உடன்வரும் டபிள்யூபேட்-பேசிக் தொகுப்பை எடுத்துவிட்டு டபிள்யூபேட்-மெஷ் போட வேண்டும் என்பதை மறந்து ஒரு மாலையை இழந்தவர்கள் பலர். 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ரேம் உள்ள பழைய பெட்டிகள் இதற்கு உதவாது. இரண்டாவது நோடை சிக்னல் செத்த அறையில் வைப்பதும் தவறு. செத்த இடத்தில் அதற்கும் கேட்காது. முதல் பெட்டியின் 5 கிகாஹெர்ட்ஸ் மைனஸ் 65 டிபிஎம் அளவுக்காவது கிடைக்கும் பாதி வழியில்தான் அதன் இடம்.

எல்லாப் பெட்டியையும் முழு சக்தியில் வைப்பதும் உதவியல்ல. எப்போது அடுத்த பெட்டிக்குத் தாவுவது என்று தீர்மானிப்பது ரவுட்டர் அல்ல, கைபேசி. 802.11கே, வி, ஆர் என்ற தரநிலைகள் மூன்றும் சேர்ந்து யோசனை சொல்லலாம், தாவலைச் சுருக்கலாம், கட்டளையிட முடியாது. சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் கீழே இறங்கும்வரை ஐபோன் பழைய பெட்டியை விடுவதில்லை. கூடத்துப் பெட்டி மாடிவரை கத்திக்கொண்டிருந்தால் மாடிப் பெட்டியை யார் சீண்டுவார்? சக்தியைக் குறைத்துப் பார்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

இன்வெர்ட்டரைப் பற்றிக் கேட்காமலே வேலையை முடிப்பவர்களும் உண்டு. கரண்ட் போனால் கூடத்து ஓஎன்டி (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) உயிரோடு இருக்கும், இன்வெர்ட்டர் லைன் இல்லாத மாடி நோடு அணைந்துவிடும். புகார் நெட் இல்லை என்றுதான் வரும்.

இத்தனைக்கும் அடியில் இருப்பது பில் போடும் பழக்கம். பெட்டி விற்றால் லாபம், அளவெடுத்தால் கூலி இல்லை என்பதால்தான் மூன்று பெட்டி போகிற இடத்துக்கு இருபது மீட்டர் கேபிள் போவதில்லை. வாசலோரம், செருப்பு ஸ்டாண்டுக்கு மேல் மாட்டிய ஓஎன்டியை வீட்டின் நடுவுக்கு நகர்த்தினாலே தீர்கிற அடுக்குமாடி வீடுகள் எத்தனையோ. அதைச் சொல்பவருக்கும் கூலி கிடைக்க வேண்டும். அளவெடுப்பு, கேபிள், பொருத்துக்கூலி, அதன்பின் பெட்டி என்ற வரிசையில் கொட்டேஷன் எழுதத் தொடங்கினால் கிடைக்கும். புதிதாகக் கட்டும் வீடு கண்ணில் பட்டால், பூச்சு வேலைக்கு முன்பே மேஸ்திரியைப் பார்த்து, கூடத்திலிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் அங்குல பிவிசி பைப் ஒன்றைத் தனியாகப் புதைக்கச் சொல்லிவிடுங்கள்.