மகப்பேறின்மையும் கிருமித் தொற்றும்

மணமாகிச் சில ஆண்டுகளுக்குள் குழந்தை பிறவாவிடில், குறை பெண்ணுடையதே என்று முடிவு கட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆணிடமும் அதே அளவிற்குக் குறை இருக்கக்கூடும் என்பது ஒருபுறமிருக்க, பெண்ணிடம் காணப்படும் குறைகளுள் பல, தக்க காலத்தில் தடுத்திருக்கக்கூடிய கிருமித் தொற்றின் விளைவுகளே என்பதைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் வேண்டும்.

கருப்பையின் இருபுறமும் உள்ள கருக்குழாய்கள் மிக நுண்ணியவை. வெட்டைநோய்க் கிருமியும், கிளமிடியா என்னும் பாக்டீரியாவும் கருப்பை வாயின் வழியே மேலேறி அக்குழாய்களைப் புண்படுத்துகின்றன. புண் ஆறியபின் எஞ்சும் தழும்பு, முட்டை செல்லும் வழியை அடைத்துவிடுகிறது. கிளமிடியாத் தொற்று பெரும்பாலும் யாதோர் அறிகுறியும் காட்டுவதில்லை. சுவீடனில் லுண்ட் நகரில் நடைபெற்று 1992-இல் வெளியான ஆய்வில், இடுப்பறை அழற்சி ஒருமுறை கண்ட பெண்களுள் 8 விழுக்காட்டினரும், இருமுறை கண்டோருள் ஏறத்தாழ 20 விழுக்காட்டினரும், மும்முறைக்குக் குறையாமற் கண்டோருள் 40 விழுக்காட்டினரும் குழாய் அடைப்பினால் மகப்பேறு வாய்ப்பை இழந்தமை புலனாயிற்று. முதல் தொற்றையே முற்றிலும் குணப்படுத்துவதன் இன்றியமையாமை இதனால் விளங்கும்.

இந்தியாவில் இவற்றோடு காசநோயையும் சேர்த்து எண்ண வேண்டும். உலகக் காசநோயாளருள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்நாட்டினர். நுரையீரலில் தங்கிய கிருமி இரத்தத்தின் வழியே கருக்குழாய்களை அடைகிறது. இருமலோ காய்ச்சலோ இன்றியும் இந்நோய் நீடிக்கலாம்; சளிப் பரிசோதனையில் அது தென்படாது. கருப்பை உட்சுவரின் திசுவைச் சோதித்தும், வேண்டுமாயின் உள்நோக்குக் கருவியால் குழாய்களைக் கண்டும் முடிவு செய்தல் வேண்டும். மருந்து கிருமியை அழிக்குமேயன்றி, முற்றிய தழும்பை நீக்காது. ஆகவே காலந்தாழ்த்துவது பெருங்கேடாகும்.

மும்பையின் தாராவியில், காற்றோட்டம் குறைந்த நெருக்கமான குடியிருப்புகளில் காசநோய் எளிதிற் பரவுகிறது. அதற்கு அண்மையில் சயானில் லோகமான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனை உள்ளது. காசநோய்க்கு அரசு இலவசமாக மருந்து வழங்குகிறது. ஊட்டச்சத்திற்கென 2018-இல் தொடங்கிய மாத உதவி 500 ரூபாய், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தாராவியிலாயினும், மாதுங்கா, செம்பூர்ப் பகுதிகளிலாயினும், பெருந்தொகை கேட்கும் செயற்கைக் கருத்தரிப்பை நாடுமுன் தொற்றும் காசநோயும் உண்டா என்று ஆராய்தலே முறையாகும்.

மருத்துவமனை இருந்தால் மட்டும் போதாது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் இரு கிராமங்களைச் சேர்ந்த 650 பெண்களை டாக்டர் ராணி பங் குழுவினர் ஆராய்ந்து 1989-இல் முடிவுகளை வெளியிட்டனர். 92 விழுக்காட்டினருக்குப் பெண்ணுறுப்பு நோய் ஏதேனும் ஒன்று இருந்தது; அதற்குமுன் மருத்துவச் சோதனை பெற்றவர் 8 விழுக்காட்டினரே. கூச்சமும், கேட்பார் இன்மையுமே இதற்குப் பெரிதும் காரணம் எனலாம்.

வீடுதோறும் செல்லும் பணியாளர், அடிவயிற்று வலி, மாதவிலக்கு மாறுதல், குடும்பத்தில் காசநோய் ஆகியவற்றைத் தனிமையில், கனிவுடன் விசாரித்தல் நலம். வெள்ளைப்படுதல் அனைத்தையும் நோயெனக் கொண்டு மருந்து கொடுப்பது தவறு. சோதனைக்கு அனுப்புவதே சரி. பால்வினைத் தொற்று உறுதியானால் கணவனுக்கும் சிகிச்சை அளித்தாலன்றி அது மீண்டும் பற்றும். வேலைப்பளு மிகுந்த பணியாளருக்கு இது கூடுதற் சுமையே. எனினும் காசநோய்ப் பணிக்காக எப்படியும் செல்லும் வீட்டில் இரண்டொரு கேள்விகளைச் சேர்த்துக் கேட்பது இயலாததன்று.

ஆசிரியர்கள், உயர் வகுப்பு மாணவருக்கு உடற்கூறு கற்பிக்கும்போதே கருக்குழாயின் பணியையும் அதற்கு நேரும் தீங்கையும் விளக்கிவிடலாம். இருபாலரும் இதனை அறிந்து வளர்வாராயின், “மலடி” என்ற இழிசொல் வழங்குவதும் குறையும். நோய் முற்றுமுன் மருத்துவரை நாடும் துணிவும் பெண்களுக்கு உண்டாகும்.