உட்கார்ந்துவிட்ட வண்டியை எழுப்பும் முன்

கைமாறி வந்த பென்ஸ், ஆடி, ரேஞ்ச் ரோவர் வண்டிகள் இப்போது ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் லாரி ஷெட்டுகளுக்கு நடுவே வேலைக்கு நிற்கின்றன. பலவற்றுக்கும் புகார் ஒன்றுதான். இரவு நிமிர்ந்து நின்ற வண்டி காலையில் ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது. கம்பெனி சர்வீஸில் சொன்ன தொகையைக் கேட்டு மிரண்டு வரும் உரிமையாளர், "அண்ணே, இந்த ஏர் சமாச்சாரத்தையே கழட்டிட்டு நாலு காயில் ஸ்பிரிங் போட்டுக் குடுத்துடுங்களேன்" என்கிறார்.

போடலாம். ஆனால் எல்லா வண்டிக்கும் போட முடியாது. கையில் கிடைத்த ஸ்பிரிங்கையும் போட முடியாது. இதில் நம் இதழின் நிலை இதுதான்: அதே மாடலைத் தயாரிப்பாளரே காயில் ஸ்பிரிங்கோடும் விற்றிருந்தால், அந்த வகையின் பாகங்களை முழு செட்டாகப் போட்டு மாற்றுவது நேர்மையான வேலை. அப்படியொரு வகையே இல்லாத வண்டியில் ஏரைப் பழுது பார்ப்பதுதான் வேலை.

ஏர் சஸ்பென்ஷன் ஏன் படுக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். பலூனின் ரப்பர், வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம் ஒரே மடிப்பில் மடிந்து பிஸ்டன்மேல் உருளுகிறது. ஆண்டுகள் போகப்போக அந்த மடிப்பில்தான் முதல் வெடிப்பு விழும். நம் பகுதியில் இதற்குத் துணையாகக் கடல் உப்பும், கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும், எண்ணூர்ப் பக்கத்து நிலக்கரித் தூளும் சாம்பலும் சேர்ந்துகொள்கின்றன. மடிப்புக்குள் புகும் தூள் ரப்பரை உப்புத்தாள்போல் அரைக்கிறது. உப்புக் காற்று அலுமினிய பிஸ்டனையும் குழாய் இணைப்புகளையும் அரிக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலி, எர்ணாவூர்ப் பகுதிகளில் தேங்கிய வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்தது நினைவிருக்கும். இயற்கை ரப்பர் கனிம எண்ணெயில் ஊறினால் உப்பிப் பலமிழக்கும். பல மாடல்களில் கம்ப்ரசர் மட்கார்டுக்குள்ளோ ஸ்டெப்னிக் குழியிலோ தாழ்வாகத்தான் உட்கார்ந்திருக்கும். வெள்ளத்தில் நின்ற வண்டி என்று தெரிந்தால் அதையும் கழற்றிப் பார்த்துவிட வேண்டும்.

கசிவு சிறியதாக இருக்கும்போதே கவனிக்க வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. நம் சக தொழிலாளர்கள் பலரும் தவறவிடும் இடம் இது. கம்ப்ரசருக்கு அடுத்து ஒரு டிரையர் இருக்கிறது. அதில் உள்ள சிலிக்கா ஜெல் மணிகள், உள்ளே போகும் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வண்டி இறங்கும்போது வெளியேறும் உலர்ந்த காற்று அதே டிரையர் வழியாகத் திரும்பி வந்து அந்த ஈரத்தைக் கொண்டுபோய்விடும். பலூனில் ஓட்டை விழுந்தால் காற்று அங்கேயே வெளியேறிவிடுகிறது. டிரையர் பக்கம் திரும்புவதே இல்லை. மணிகள் ஈரத்தில் ஊறிப்போக, தண்ணீர் வால்வு பிளாக் வரை போய் அரிக்கத் தொடங்குகிறது. குறைந்த அழுத்தத்தை ஈடுகட்ட கம்ப்ரசரும் ஓய்வில்லாமல் ஓடிச் சூடேறுகிறது. ரிலே ஒட்டிக்கொண்டால் கம்ப்ரசர் எரிந்தே போகும். அதனால்தான் புது கம்ப்ரசர் மட்டும் போட்டுக் கொடுத்த வண்டி சில மாதங்களில் அதே புகாரோடு திரும்பி வருகிறது. கம்ப்ரசர் மாற்றினால் ரிலேயையும் மாற்றுங்கள், டிரையரைப் பாருங்கள், அதற்கெல்லாம் முன்பு ஓட்டையைக் கண்டுபிடியுங்கள்.

ஓட்டையைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். பூட்டிய பிறகும் தானாக மட்டம் சரிசெய்துகொள்ளும் வண்டிகள் உண்டு என்பதால் கம்ப்ரசர் ஃபியூஸை எடுத்துவிடுங்கள். சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலைகளையும் அளந்து எழுதிவிட்டு இரவு விடுங்கள். காலையில் ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் பலூனையோ அதன் குழாயையோ சந்தேகிக்கலாம். ஓர் அச்சு முழுதும் இறங்கியிருந்தால் வால்வு பிளாக்கைப் பாருங்கள். சோப்புத் தண்ணீர் அடிக்கும்போது வண்டியை ஒரே உயரத்தில் வைத்திருக்கக் கூடாது. மடிப்பில் விழுந்த வெடிப்பு சில உயரங்களில் மட்டுமே வாய் திறக்கும். ஒரு ஓ-ரிங்கில் முடிய வேண்டிய வேலைக்கு நான்கு காயில் ஸ்பிரிங் விற்பது தொழிலுக்கு அழகல்ல.

சரி, பலூன்கள் எல்லாமே வயதாகிவிட்டன, உரிமையாளரும் மாற்றத்தான் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது மாடலைப் பாருங்கள். பென்ஸ் இ-கிளாஸ் டபிள்யூ211, ஆடி க்யூ7 முதல் தலைமுறை, ஃபோக்ஸ்வேகன் டூரெக், போர்ஷே கயேன் எல்லாம் காயிலோடும் ஏரோடும் வெளிவந்தவை. தயாரிப்பாளரின் பொறியாளர்களே கணக்குப் போட்ட ஸ்பிரிங், ஷாக் அப்சர்பர், மேல் மவுண்ட், ஆன்டி-ரோல் பார் எல்லாம் பார்ட் நம்பரோடு இருக்கின்றன. அதில் இன்ஜினுக்கும் எடைக்கும் ஏற்ற ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுப்பதில்தான் வேலையே இருக்கிறது. டீசல் வண்டியின் முன் ஸ்பிரிங் பெட்ரோலுக்கு ஒத்துவர வேண்டும் என்பதில்லை. எஸ்-கிளாஸ் டபிள்யூ220, ரேஞ்ச் ரோவர் எல்322 போன்றவை ஏருக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. இவற்றுக்கு வெளிச் சந்தையில் விற்கும் கிட்களை யார், எந்த எடைக்குக் கணக்குப் போட்டார்கள் என்று கேட்டுப் பதில் வாங்காமல் பொருத்தாதீர்கள்.

இந்தக் கேள்வி புதிதும் அல்ல. 1957-இல் காடிலாக் எல்டொராடோ பிரோகாம் நான்கு சக்கரத்துக்கும் ஏர் வைத்து வந்தது. அது கசிந்து தொல்லை கொடுக்க, உரிமையாளர்கள் பலர் காயிலுக்கு மாறிவிட்டார்கள்.

ஸ்பிரிங் கணக்குக்கு வருவோம். காயில் ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கோடு கூடும். 14 மிமீ கம்பிக்குப் பதில் 15 மிமீ போட்டால் மற்ற அளவுகள் மாறாமலேயே விறைப்பு சுமார் 32 சதவீதம் கூடிவிடும். கண்ணால் பார்த்து 'ஒரே மாதிரிதான் இருக்கு' என்று ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ புதுப்பேட்டையிலோ வாங்கிவந்து, உயரம் கூடுகிறதே என்று ஒரு சுற்றை வெட்டுகிறோம். சுற்று குறைந்தால் விறைப்பு இன்னும் ஏறும். வெட்டிய முனை சீட்டில் சரியாக உட்காராது. வெட்டிய ஸ்பிரிங்கை எந்த வண்டியிலும் ஏற்றக் கூடாது.

ஏர் ஸ்பிரிங்கில் சுமை கூடினால் கம்ப்ரசர் அழுத்தத்தைக் கூட்டும். விறைப்பும் சுமையோடு சேர்ந்து உயரும். அதனால் ஆள் ஏறினாலும் இறங்கினாலும் உயரமும் ஆட்டமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். காயிலுக்கு அந்த வசதி இல்லை. சக்கரத்தில் அளந்தால் மிமீக்கு 30 நியூட்டன் விறைப்புள்ள பின் ஸ்பிரிங்குகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்துக்கு 100 கிலோ கூடினால் வண்டியின் பின்பக்கம் 33 மிமீ இறங்கும். முன்பக்கம் தூக்க, ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வரும் லாரி டிரைவரின் கண்ணில் அடிக்கும். எண்ணூர் விரைவுச் சாலையில் இரவில் ஓட்டுகிறவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். பழைய ஷாக்கையே விட்டுவிட்டு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவதும் தவறு. மென்மையான ஏருக்கென்று அமைத்த ஷாக் விறைப்பான காயிலை அடக்காது. முன்னால் மட்டும், பின்னால் மட்டும் என்று பாதி மாற்றுவதும் வேண்டாம். தயாரிப்பாளரே அப்படி அமைத்திருந்தால் தவிர.

எலக்ட்ரானிக்ஸில் நாம் செய்கிற குறுக்குவழிகளை நிறுத்த வேண்டும். எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்று டாஷ்போர்டில் அதன் பல்பைப் பிடுங்குவது உரிமையாளரை ஏமாற்றுவது. பல மாடல்களில் ஹெட்லைட் மட்டம் உயர சென்சாரிடமிருந்துதான் தகவல் பெறுகிறது, சென்சாரைக் கழற்றிவிடாதீர்கள். ஏர் மாட்யூலைக் கோடிங் மூலம் நீக்கி, வண்டி 'காயில் வகை' என்று பதிவான பிறகு ஈஎஸ்பியில் ஃபால்ட் இல்லை என்று ஸ்கேனர் ரிப்போர்ட் எடுத்து பில்லோடு இணையுங்கள். அலைன்மென்ட் செய்யாமல் வண்டியை வெளியே அனுப்பாதீர்கள்.

சட்டப் பக்கமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளரின் அசல் விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு என்று 2019 திருத்தம் சொல்கிறது. சஸ்பென்ஷன் வகை ஆர்.சி.யில் இல்லையே என்று சொல்பவர்கள் உண்டு. விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் முன்னால் அந்த வாதம் எவ்வளவு தாங்கும் என்று யோசியுங்கள். தயாரிப்பாளரின் காயில் வகைப் பாகங்கள், பார்ட் நம்பரோடு எழுதிய பில், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு முன்கூட்டியே எழுத்தில் தகவல் — இவை மூன்றும் உரிமையாளருக்கும் நமக்கும் பாதுகாப்பு.

இன்னொரு பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏர் சிஸ்டத்தில் 10 பாருக்கு மேலான அழுத்தம் சாதாரணம். ஸ்கேனர் வழியாகக் காற்றை இறக்காமல் குழாயைக் கழற்றக் கூடாது. ஜாக் மோடு போடாமல் வண்டியைத் தூக்கக் கூடாது. ஸ்டாண்டு வைக்காமல் அடியில் படுக்கவே கூடாது. காயிலுக்கு மாறும்போது ஆபத்து வேறு வடிவில் வருகிறது. அழுத்திய ஸ்பிரிங்கைக் கம்பியாலும் கயிற்றாலும் கட்டி ஸ்ட்ரட்டில் ஏற்றும் பழக்கம் நம் ஷெட்டுகளில் இன்னும் இருக்கிறது. அது நழுவினால் பையனின் முகம் போய்விடும். நல்ல ஸ்பிரிங் கம்ப்ரசர் வாங்காத பட்டறை இந்த வேலையை எடுக்கவே வேண்டாம்.

ஏர் சஸ்பென்ஷனே நமக்கு ஆகாது என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். பெரம்பூர் ஐ.சி.எஃப். கட்டும் மின்சார ரயில் பெட்டிகள் நெரிசல் நேரத்துக் கூட்டத்தைச் சுமந்தும் தள மட்டம் மாறாமல் ஓடுவது ஏர் ஸ்பிரிங்கால்தான். 2024 ஆகஸ்டில் மாநகரப் போக்குவரத்துக் கழகம் ஓடவிட்ட அசோக் லேலண்ட் தாழ்தளப் பேருந்துகள், நிறுத்தத்தில் பக்கவாட்டில் சாய்ந்து சக்கர நாற்காலிக்காரரை ஏற்றிக்கொள்வதும் அதே பலூனால்தான். அங்கே காயில் போட்டால் அந்தப் பயணி தெருவில்தான் நிற்பார். ரயிலிலும் பேருந்திலும் பணிமனையில் முறைப்படி பலூனைப் பார்க்கிறார்கள். கார் உரிமையாளரோ வண்டி உட்காரும் வரை காத்திருக்கிறார். பத்து வயதைத் தொட்ட ஏர் வண்டி எந்த வேலைக்கு வந்தாலும் பலூன் மடிப்பையும் டிரையரையும் பார்த்து ஜாப் கார்டில் எழுதிக் கொடுப்பதை நம் பட்டறைகள் வழக்கமாக்க வேண்டும்.

காயிலுக்கு மாற்றிய வண்டிகளின் விவரங்களை எங்களுக்கு எழுதுங்கள்: மாடல், ஆண்டு, போட்ட பாகங்களின் நம்பர், நான்கு மூலைகளின் உயரம் வேலைக்கு முன்னும் பின்னும், ஓராண்டு கழித்து வண்டி எப்படி இருக்கிறது என்பது. சரியாக வராத வேலைகளையும் சேர்த்து எழுதுங்கள். வாடிக்கையாளர் பெயரையும் வண்டி எண்ணையும் நீக்கிவிட்டு, மாடல்வாரியாக அட்டவணையாக்கி வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.