மலைச்சரிவை முன்கூட்டியே கணிக்க முடியுமா? வால்பாறை, நீலகிரிக்கு ஏன் ஊர் மழைமானி தேவை?

2024 ஜூலை 30. வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையை மண் மூடிய அதே நாளில்தான், நம்ம கோவை மாவட்டம் வால்பாறையில் சோலையார் அணைப் பகுதியில் வீட்டின் மேல் மண் சரிந்து பாட்டியும் பேத்தியும் உயிரிழந்தனர். வயநாட்டில் 250-க்கும் மேற்பட்டோர் பலி. அந்தப் பெரிய செய்திக்குள் இந்த இரண்டு உயிர்கள் காணாமல் போய்விட்டன.

முன்பே தெரிந்திருந்தால் தப்பித்திருக்கலாமே என்கிறோம். வயநாட்டில் ஓரளவு தெரிந்தேதான் இருந்தது!

கல்பற்றாவில் உள்ள ஹ்யூம் மையம், விவசாயிகள், தோட்டக்காரர்கள் உதவியோடு மாவட்டம் முழுக்க 200-க்கும் மேற்பட்ட இடங்களில் மழையை அளந்து வருகிறது. புத்துமலை மழைமானியின் அளவைப் பார்த்து, சரிவுக்கு முந்தைய நாள் காலையிலேயே நிர்வாகத்தை எச்சரித்ததாக அந்த மையம் சொன்னது. ஆனால் வானிலை மையம் அன்று கொடுத்திருந்தது ஆரஞ்சு அலர்ட். அதாவது 204 மி.மீ. வரை மழை. பெய்ததோ 48 மணி நேரத்தில் 572 மி.மீ. என்றார் கேரள முதல்வர்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்?

மலையில் மழை ஒரே மாதிரி பெய்யாது. இந்தச் சரிவில் கொட்டும், அடுத்த சரிவில் தூறும். 2019 ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. (அந்த ஊருக்குப் பெயர் வந்ததே பழைய நிலச்சரிவால்தான் என்பார்கள்.) அதோடு, ஒரு நாள் மழையை மட்டும் பார்த்தால் போதாது. முந்தைய நாட்களின் மழையில் மண் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதும் சேர்ந்துதான் சரிவைத் தீர்மானிக்கும்.

2009 நவம்பரில் 40-க்கும் மேற்பட்டோரைப் பலிகொடுத்த நீலகிரிக்கு, இந்தியப் புவியியல் ஆய்வு மையம் 2020 முதல் நிலச்சரிவு முன்னறிவிப்பு தருகிறது. நல்ல முயற்சிதான். ஆனால் அது பரந்த பகுதிக்கான எச்சரிக்கை. எந்த லைன் வீட்டுக்குப் பின்னால் மண் ஊறியிருக்கிறது என்று அது சொல்லாது. அங்கே குடியிருப்பவர்தான் சொல்ல முடியும்.

எஸ்டேட்டுகளில் மழை அளந்து எழுதி வைப்பது புதுசு இல்லை. அந்தக் கணக்கு ஆபீஸ் நோட்டிலேயே தூங்காமல், அன்றன்றைக்கே ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டும். மழைமானிக்குப் பெரிய செலவும் ஆகாது. உண்மையான சிக்கல் வேறு. இத்தனை மி.மீ. தாண்டினால் வீடுகளைக் காலி செய்யணும் என்ற அளவை யார் முடிவு செய்வது? ராத்திரி 10 மணிக்கு அந்த உத்தரவை யார் போடுவது? வயநாட்டில் எச்சரிக்கை சறுக்கியது இந்த இடத்தில்தான்.

மலையில் இருப்பவர்கள் கவனிக்க: தரையில் புது விரிசல், சாய்ந்த மரம் அல்லது கம்பம், திடீரென கலங்கி வரும் ஊற்று, மழை விடாதபோதும் வற்றும் ஓடை. இதில் எது தெரிந்தாலும் இருட்டுவதற்கு முன் இடம் மாறிவிடுங்கள். 1077-க்கு போன் செய்து மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கும் சொல்லுங்கள்.