துப்பாக்கிக்கு யார் பொறுப்பு?

2021 டிசம்பர் 30. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் துப்பாக்கி சுடும் பயிற்சி நடத்தினர். ஊருக்குள், தாத்தா வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று தஞ்சை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அந்தப் பாலகன் மாண்டான். சர்க்கார் பத்து லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது.

பிள்ளையைப் பெற்றவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டாமா என்று இங்கே எவரும் கேட்க முடியாது. வீட்டிலிருந்த பிள்ளையை இதைவிடப் பத்திரமாக எங்கே வைப்பது? துப்பாக்கி யாரிடம் இருக்கிறதோ, பொறுப்பும் அவருடையதே.

இந்த நியாயம் பெற்றோருக்கும் பொருந்தும். அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் 2021 நவம்பரில், தகப்பன் வாங்கிய கைத்துப்பாக்கியால் 15 வயதுப் பையன் சக மாணவர்கள் நால்வரைச் சுட்டுக் கொன்றான். துப்பாக்கியைப் பத்திரப்படுத்தத் தவறியதும், மகனின் மனநிலையைக் கவனியாததும் குற்றமென்று, 2024ல் தாய், தகப்பன் இருவருக்கும் குறைந்தது பத்தாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

"நம் வீட்டில் ஏது துப்பாக்கி?" என்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிலாளி கேட்கலாம். பாங்கு வாசலிலும், பணம் கொண்டுபோகும் வண்டியிலும் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு நிற்பவரைப் பாருங்கள். பெரும்பாலும் அவர் ஓய்வுபெற்ற சிப்பாய். "சொந்த லைசென்ஸ், சொந்தத் துப்பாக்கி" என்று கேட்டே பல கம்பெனிகள் ஆள் எடுக்கின்றன. ஷிப்டு முடிந்ததும் துப்பாக்கி அவரோடு வீட்டுக்குப் போகிறது. வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையில் பிள்ளைகள் படுத்திருக்கும் இடத்தில், அதை எங்கே வைப்பார்? பரண்மீதா, பீரோவுக்குப் பின்னாலா?

நமது சட்டப்படி 21 வயது நிரம்பாதவருக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கிடையாது. ஆனால் எட்டு வயதுப் பிள்ளையின் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி கிடந்தால், அந்தச் சட்டம் என்ன செய்யும்?

காவலாளித் தோழர்களுக்குச் சொல்கிறோம்: வீடு திரும்புமுன் தோட்டாவை எடுத்துவிடுங்கள். துப்பாக்கியை ஓரிடத்திலும் தோட்டாவை வேறிடத்திலும் பூட்டுங்கள். சாவி உங்களிடமே இருக்கட்டும். "பிள்ளைக்குத் தெரியாது" என்று நம்பியிராதீர்கள். வீட்டில் பிள்ளைக்குத் தெரியாத மறைவிடம் இல்லை.

ஆனால் பொறுப்பு அவரோடு முடியவில்லை. பணத்துக்கு இரும்புப் பெட்டி வைத்திருக்கும் முதலாளி, அந்தப் பணத்தைக் காக்கும் துப்பாக்கிக்கு ஒரு பெட்டி வைக்கக் கூடாதா? கம்பெனியின் லைசென்ஸில், கம்பெனியின் காவலில், ஷிப்டு முடிந்ததும் துப்பாக்கி வேலையிடத்திலேயே பூட்டப்பட வேண்டும். இதைச் சர்க்கார் கட்டாயமாக்க வேண்டும். குடியிருப்பை நோக்கிக் குண்டு பாயக்கூடிய பயிற்சித் தளம் எதுவாயினும் மூடப்பட வேண்டும்.

இன்னொரு பிள்ளையைப் பறிகொடுத்த பிறகு நிவாரணம் அறிவிப்பதில் பயனில்லை. காவலாளிகளின் சங்கங்களும், தாய்மார்களும் இந்தக் கோரிக்கைகளை இன்றே எழுப்ப வேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.