பூக்கடைக்கு விளம்பரம் வேண்டாம், வழக்கறிஞருக்கு?

கடந்த மாதம் என் பழைய மாணவி ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். உசிலம்பட்டிக்கு அருகே ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர். குடும்பத்தின் முதல் பட்டதாரி. என்னிடம் இளங்கலைப் பொருளியல் பயின்றார். பிறகு சட்டம் படித்து, ஏழு ஆண்டுகளாக மதுரையில் வழக்கறிஞராக இருக்கிறார். முதல் நான்கு ஆண்டுகள் மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் இளையவராகப் பணியாற்றினார். கடந்த மூன்று ஆண்டுகளாகத் தனியே தொழில் செய்கிறார்.

"சார், ஓர் இணையத் தளத்திலிருந்து அடிக்கடி அழைக்கிறார்கள். மாதம் ஒரு தொகை கட்டினால், வழக்கறிஞர் தேடுகிறவர்களின் தொலைபேசி எண்களை அனுப்பிவைப்பார்களாம். அது விதிக்குப் புறம்பானது என்று எனக்குத் தெரியும். ஆனால், இந்த ஊரில் என்னை யாருக்குத் தெரியும்? அலுவலக வாடகையை எதிலிருந்து கட்டுவது?" என்று கேட்டார்.

அவருக்கு உடனடியாகச் சொல்ல என்னிடம் விடை இல்லை. அந்தக் கேள்வி அவர் ஒருவருடையது மட்டுமல்ல. 2023-24ஆம் ஆண்டின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வேலையில் இருப்போரில் 58.4 விழுக்காட்டினர் சுயதொழில் செய்பவர்கள். அவர்களில் பெரும்பாலோர் உழவர்களும் சிறு வணிகர்களும் என்றாலும், வழக்கறிஞர், ஆடிட்டர், மருத்துவர், கட்டடக் கலைஞர் என்று படிப்பையே முதலாகக் கொண்டு தனியே தொழில் தொடங்கும் இளைஞர்களும் அதில் அடங்குவர். தன்னைத் தானே விளம்பரப்படுத்திக்கொள்ளக் கூடாது, அதே நேரத்தில் வாழவும் வேண்டும் என்ற இரண்டு கட்டளைகளுக்கு நடுவே அவர்கள் நிற்கிறார்கள்.

பூவும் வழக்கும்

பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்பார்கள் நம் ஊரில். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் நிற்பவருக்கு அது உண்மை என்று தெரியும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் தரத்தை அறிய நிபுணர் தேவையில்லை. மூக்கும் கண்ணும் போதும். வாங்குவதற்கு முன்பே தரம் தெரிந்துவிடுகிறது.

உணவகம் அப்படியல்ல. சாப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அதன் தரம் தெரியும். வழக்கறிஞரின் பணியோ இந்த இரண்டிலும் சேராது. வழக்கு முடிந்த பிறகும் அவர் நன்றாக வாதாடினாரா என்று கட்சிக்காரரால் உறுதியாகச் சொல்ல முடியாது. நல்ல வழக்கறிஞர் வலுவில்லாத வழக்கில் தோற்கலாம். சுமாரானவர் வலுவான வழக்கில் வெல்லலாம். இத்தகைய சேவைகளைப் பொருளியலார் நம்பிக்கைச் சேவைகள் என்கிறார்கள். தரத்தை அறிய முடியாத சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கை வெளியேற்றிவிடும் என்பதை ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையை உதாரணமாகக் காட்டி விளக்கினார். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அந்த ஆய்வே காரணமாயிற்று.

எனவே, பூக்கடைக்குப் பொருந்தும் பழமொழி வழக்கறிஞருக்குப் பொருந்தாது. 'நன்றாக வேலை செய், ஆட்கள் தாமாக வருவார்கள்' என்று இளைஞர்களுக்கு நாம் சொல்லும் அறிவுரையில் பாதிதான் உண்மை. வாசனையற்ற பூவை விற்பவர் அவர். வாங்குபவரை அது எப்படிச் சென்றடையும்?

தடையின் நியாயம்

ஆனால், இதே காரணத்தால்தான் விளம்பரமும் தடை செய்யப்பட்டிருக்கிறது. தரத்தைச் சரிபார்க்க இயலாதவரிடம் உரத்துப் பேசுகிறவர் எதையும் சொல்லிவிடலாம். இந்திய பார் கவுன்சிலின் 36ஆவது விதி, சுற்றறிக்கை, விளம்பரம், தரகர், தனிப்பட்ட தொடர்பு என எந்த வழியிலும் வழக்கறிஞர் வழக்கு தேடக் கூடாது என்கிறது. பெயர்ப் பலகைகூட நியாயமான அளவில்தான் இருக்க வேண்டும். 2008இல் இந்த விதி சற்றே தளர்த்தப்பட்டது. பெயர், முகவரி, பதிவு எண், கல்வித் தகுதி, பயிற்சித் துறை ஆகியவற்றை மட்டும் வழக்கறிஞர் தம் இணையதளத்தில் வெளியிடலாம். பட்டயக் கணக்காளர்களுக்கும் 1949ஆம் ஆண்டுச் சட்டம் இதுபோன்ற கட்டுப்பாட்டை விதித்தது. அவர்களுடைய இணையதளங்களுக்கு நெடுங்காலம் இருந்த நெறியின் சாரம் எளிமையானது: தேடி வருபவருக்குச் சொல்லலாம், தேடிப்போய்ச் சொல்லக் கூடாது.

2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் ஆகியோரைக் கொண்ட அமர்வு, இணையச் சேவைத் தளங்கள் வழியாக வழக்கு தேடும் வழக்கறிஞர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வழிசெய்யுமாறு பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. வழக்கறிஞர்களை வணிகச் சரக்குகளைப் போலத் தரவரிசைப்படுத்துவதையும் அது கண்டித்தது. 2025 மார்ச்சில், திரைக் கலைஞர்களையும் சமூக ஊடகப் பிரபலங்களையும் கொண்டு வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்துகொள்வதற்கு எதிராகப் பார் கவுன்சில் எச்சரித்தது.

இந்தத் தீர்ப்பை நான் வரவேற்கிறேன். கட்டணம் கட்டியவரின் பெயர் முதலில் வரும் பட்டியல் தகவல் ஆகாது; அது ஏலம். நட்சத்திரக் குறியீடுகளிலும் போலிகள் உண்டு. இணைய மதிப்புரைகளுக்கென இந்திய தர நிர்ணய அமைவனம் 2022இல் ஒரு தரநிலையையே வெளியிட வேண்டியிருந்தது. ஜீவனாம்சம் கேட்டு நீதிமன்ற வாசலுக்கு வரும் பெண், ஏலத்தில் வென்றவரைத் திறமைசாலி என்று நம்பினால் அதன் விலையை அவர்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

தடையின் விலை

ஆயினும், எந்தத் தடைக்கும் ஒரு விலை உண்டு. அதை யார் தருகிறார்கள் என்று கேட்பது பொருளியல் ஆசிரியனின் கடமை. அமெரிக்காவில் லீ பென்ஹாம் 1972இல் வெளியிட்ட ஆய்வு, மூக்குக் கண்ணாடிக்கான விளம்பரத்தைத் தடை செய்த மாநிலங்களில் அதன் விலை கூடுதலாக இருந்ததைக் காட்டியது. 1977இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வழக்கமான சட்டப் பணிகளுக்கான கட்டணத்தை வழக்கறிஞர்கள் உண்மையாக விளம்பரப்படுத்தலாம் என்று தீர்ப்பளித்தது. மூக்குக் கண்ணாடியும் வழக்கும் ஒன்றல்ல என்பதை ஏற்கிறேன். ஆனால், தகவல் இல்லாத இடத்தில் போட்டி குறையும் என்பது இரண்டுக்கும் பொது.

நம் ஊரில் இந்த விலையை இருவர் தருகிறார்கள். முதலாமவர் புதிதாக வருபவர். தந்தையும் தாத்தாவும் வழக்கறிஞராக இருந்த குடும்பத்துப் பிள்ளைக்கு விளம்பரம் தேவையில்லை. பெயர்ப் பலகையில் இருக்கும் குடும்பப் பெயரே அறுபது ஆண்டு விளம்பரம். சாதிச் சங்கம், கட்சி, வணிகர் வட்டம் ஆகியவற்றில் வேரூன்றியவருக்கும் அது தேவையில்லை. விதி எல்லோருக்கும் ஒன்றே. அதன் சுமை எல்லோருக்கும் ஒன்றல்ல.

இரண்டாமவர் கட்சிக்காரர். 2004 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டபோது, தென் மாவட்ட மக்களுக்குச் சென்னைப் பயணம் மிச்சமாயிற்று. ஆனால், ராமநாதபுரத்திலிருந்து அதிகாலைப் பேருந்தில் ஒத்தக்கடைக்கு வந்து இறங்குபவர், யாரிடம் போவது என்பதை இன்னும் டீக்கடையிலோ பத்திர எழுத்தரிடமோதான் விசாரிக்கிறார். முறையான தகவல் இல்லாத இடத்தை இடைத்தரகர் நிரப்புகிறார். 1879ஆம் ஆண்டுச் சட்டமே வழக்குத் தரகர்களைப் பட்டியலிடச் சொன்னது. 2023இல் வழக்கறிஞர் சட்டத்தைத் திருத்தி அதே ஏற்பாட்டை மீண்டும் சேர்க்க வேண்டியிருக்கிறது என்றால், நோய் ஆறவில்லை என்றுதானே பொருள்?

மருத்துவத் துறையில் முரண் இன்னும் வெளிப்படை. நோயாளிகளை ஈர்க்க விளம்பரம் செய்வதை 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள் தடுக்கின்றன. ஆனால், அவற்றின்படி நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் மருத்துவர் என்ற தனிமனிதரிடம்தான் செல்லுபடியாகிறது. மருத்துவமனையை நடத்தும் நிறுவனத்திடம் செல்வதில்லை. ஆகவே, மதுரைச் சாலைகளில் நிறுவனங்களின் விளம்பரப் பலகைகள் வானளாவ நிற்கின்றன. தெருமுனையில் தனியே மருத்துவம் பார்ப்பவர் விதியைக் காத்து அமைதியாக இருக்கிறார்.

என் தவறு

இங்கே ஒன்றை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன், வாடிப்பட்டிப் பக்கம் எங்கள் பூர்விக நிலத்தில் எல்லைத் தகராறு எழுந்தது. அப்போது என் மாணவி தனி அலுவலகம் தொடங்கி ஓராண்டு ஆகியிருந்தது. திறப்பு நாளில் போய் வாழ்த்திவிட்டு வந்தவன் நான். அவருடைய உழைப்பையும் கூர்மையையும் வகுப்பறையில் மூன்று ஆண்டுகள் பார்த்தவன். இருந்தும், நண்பர்கள் சொன்ன பெரிய பெயரைத்தான் நாடினேன். வேலை நன்றாகவே முடிந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், அந்த அலுவலகத்தில் என் கோப்பை முழுதும் படித்து, மனுவை எழுதி, நில அளவையரிடம் அலைந்தவர் அங்கிருந்த ஓர் இளம் வழக்கறிஞர். நான் தேடிச் சென்ற பெரிய பெயரை இரண்டு முறைதான் சந்தித்தேன்.

தகுதியை நேரில் அறிந்த நானே புகழைத் தேடிச் சென்றேன். அப்படியிருக்க, எதுவும் அறியாத கட்சிக்காரரை எப்படிக் குறை சொல்வது?

மதுரை காட்டிய வழி

உரத்துப் பேசாமல் பெயர் பெற்றவர்கள் இந்த ஊரில் இருந்திருக்கிறார்கள். 1887இல் செங்கன்னூரில் பிறந்த பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்புக்கு மதுரையில் உறவும் இல்லை, சாதிப் பின்புலமும் இல்லை. குற்றப் பரம்பரைச் சட்டத்தால் வதைபட்ட பிரமலைக் கள்ளர் மக்களுக்காக அவர் நீதிமன்றத்திலும் வெளியிலும் போராடினார். அம்மக்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தார்கள். அவர் 1938இல் மறைந்தார். உசிலம்பட்டி வட்டாரத்தில் அந்தப் பெயர் இன்னும் வாழ்கிறது. கட்சிக்காரர் பிடிப்பதற்காக அவர் அதைச் செய்யவில்லை. லண்டனில் சட்டம் பயின்றவர் என்ற வசதி அவருக்கு இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால், எங்கே சிக்கல் இருக்கிறதோ அங்கே போய் நின்றவரை மக்கள் நினைவில் வைத்தார்கள்.

டாக்டர் ஜி.வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்று, 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இலவச அறுவை சிகிச்சை என்று அறிவித்தால் மட்டும் கிராமத்து முதியவர்கள் வந்துவிடவில்லை. பயணச் செலவும், உணவுச் செலவும், அச்சமும் அவர்களைத் தடுத்தன. ஊருக்கே சென்று முகாம் நடத்தி, கண் பரிசோதித்து, வண்டியில் அழைத்துவந்து, உணவும் தந்து திருப்பி அனுப்பும் முறை அதன் பிறகே பலன் தந்தது. பார்வை பெற்று ஊர் திரும்பியவரின் சொல், எந்த விளம்பரப் பலகையைவிடவும் வலிமையானது. அது நிறுவனம், தனி ஒருவரால் அதைச் செய்ய முடியாது. ஆயினும், வாடிக்கையாளரைத் தடுப்பது எது என்று கண்டறிந்து அதை நீக்குவது தனி ஒருவராலும் முடியும்.

இந்த இரண்டிலிருந்தும் இளம் தொழில்முறையாளர் எடுத்துக்கொள்ள வேண்டியவை உண்டு. எல்லா வழக்கும் எடுப்பேன் என்பவரை யாரும் நினைவில் வைப்பதில்லை. பட்டா மாறுதலோ, குடும்ப வழக்கோ, சிறு வணிகரின் ஜிஎஸ்டி கணக்கோ ஒன்றில் ஆழமாக இறங்கியவரை அதே துறையினரே பரிந்துரைப்பார்கள். கட்டணத்தையும் செலவையும் முதல் நாளே எழுத்தில் தருவதும், வெல்ல முடியாத வழக்கை அப்படியே சொல்லித் திருப்பி அனுப்புவதும் நம்பிக்கைச் சேவையின் தரத்தைக் கட்சிக்காரர் கண்ணால் காணச் செய்யும் வழிகள். திருப்பி அனுப்பப்பட்டவர் இன்னொருவரை அனுப்புவார். புதிய வாய்ப்புகள் நெருங்கிய உறவுகளைவிட அறிமுகமானவர்கள் வழியாகவே அதிகம் வருகின்றன என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதியதும் இதைத்தான் உணர்த்துகிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி வழக்குகளில் அக்கறையோடு உழைப்பவருக்கு அத்தகைய அறிமுகங்கள் பெருகும்.

பொறுமைக்கும் பணம் வேண்டும்

ஆனால், இவையெல்லாம் பலன் தர ஐந்து, பத்து ஆண்டுகள் ஆகும். அதுவரை வாடகை கட்ட முடிந்தவர்தான் காத்திருக்க முடியும். அமைதியாகப் பெயர் ஈட்டுவது உயர்ந்த பண்புதான். வசதி இல்லாதவருக்கு அது எட்டாத பண்பாகிவிடக் கூடாது. எனவே, பொறுப்பைத் தனிமனிதர் மேல் மட்டும் சுமத்துவது நியாயமாகாது.

இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் ரூ.20,000, பிற இடங்களில் ரூ.15,000 குறைந்தபட்ச உதவித்தொகை வழங்கப்பட வேண்டும் என்று 2024 ஜூனில் அதே நீதிபதிகள் அமர்வு கூறியது. ஜூலைத் தீர்ப்பை ஜூன் உத்தரவோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஒரு கதவை மூடுகிறவர்கள் இன்னொன்றைத் திறந்தாக வேண்டும். முதல் உத்தரவை மறந்து இரண்டாவதை மட்டும் நிறைவேற்றினால், தொழில் வாரிசுகளின் கையிலேயே தங்கிவிடும்.

அடுத்து, தகவலைத் தொழில் அமைப்புகளே தர வேண்டும். 2008இல் அனுமதிக்கப்பட்ட அதே விவரங்களைக் கொண்டு, வட்டவாரியாக, துறைவாரியாக, தமிழில் ஒரு பொதுப் பட்டியலைப் பார் கவுன்சில் வெளியிடலாம். அதில் தரவரிசை வேண்டாம். கட்டணம் கட்டி முன்னேறும் வழியும் வேண்டாம். நீதிமன்ற வாசலிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் அது கிடைக்கட்டும். தேடி வருபவருக்குச் சொல்லலாம் என்பதுதானே நெறி? தேடி வருபவருக்கு ஓர் இடம் வேண்டாமா?

என் மாணவியிடம் அந்தத் தளத்துக்குப் பணம் கட்ட வேண்டாம் என்றேன். அறிவுரை சொல்வது எளிது. அதற்கு விலை இல்லை. எனவே, நெடுநாளாகத் தள்ளிப்போட்டு வந்த என் உயிலை எழுதும் பணியை அவரிடம் ஒப்படைத்தேன். கட்டணம் வேண்டாம் என்றார். நான் ஏற்கவில்லை. பேராசிரியரிடம் கட்டணம் வாங்கத் தயங்குபவர் வாடகை கட்ட முடியாது. மறுவாரம் அவர் அனுப்பிய வரைவில் நான் கவனிக்காத ஒரு சிக்கலைச் சுட்டியிருந்தார்: நிலத்தின் ஒரு பகுதி இன்னும் என் தந்தையின் பெயரிலேயே இருக்கிறது. பெரிய பெயரைத் தேடிச் சென்றபோதும் அது யார் கண்ணிலும் படவில்லை.

இனி யாராவது நல்ல வழக்கறிஞர் வேண்டும் என்று என்னிடம் கேட்டால், சொல்வதற்கு எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. நம் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு பெயர் தெரிந்திருக்கும். அதை நினைவுபடுத்திக்கொள்ள நமக்கு விளம்பரம் தேவைப்படக் கூடாது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), மதுரை.