கட்லா பிழைத்தால் தண்ணீர் நல்லதா?

மாசுக் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பான அதிகாரி அவர்களுக்கு,

பாலக்கோடு வட்டத்திலிருந்து எழுதுகிறேன். மனு கொடுத்தோம், ரசீது கிடைத்தது. நேரில் வந்தோம், ஆவன செய்வதாகச் சொன்னீர்கள். ஒன்றும் ஆகாததால் ஊரறிய எழுத வேண்டியதாயிற்று. சட்டமும் விதியும் உங்களுக்குத் தெரியாததல்ல; அதை நான் எடுத்துச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஒரே ஒரு குட்டையில் நடந்ததைச் சொல்கிறேன்.

பக்கத்துத் தோட்டக்காரர் தக்காளியில் விட்ட காசை எடுக்கலாம் என்று பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகுவோடு நன்னீர் இறால் குஞ்சும் விட்டார். மழைக்கு ஓடை வந்தது. மேட்டிலுள்ள ஆலையின் கழிவும் கூடவே வந்தது. ஒருநாள் விடிவதற்கு முன் டார்ச் அடித்துப் பார்த்தால், இறால்கள் கரைக்கு ஏறிப் புல்லைப் பிடித்துக்கொண்டு கிடக்கின்றன. எடுத்துப் பார்த்தோம். ஓடு விரலுக்கு அமுங்கியது, செவுள் கறுத்திருந்தது. பொழுது ஏறுவதற்குள் கூடை கூடையாக அள்ளிப் போட்டோம். கட்லா மட்டும் பிழைத்துக்கொண்டது.

உங்கள் ஆட்கள் வந்தார்கள். எப்போது? ஓடையில் புதுத்தண்ணீர் ஓடித் தெளிந்த பிறகு, பட்டப்பகலில். கரையில் நின்றபடியே மேல்தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தார்கள். துள்ளிய கட்லாவைக் காட்டி, "மீன் உயிரோடுதானே இருக்குது, தண்ணியில என்ன கோளாறு?" என்றார்கள். கடைசியில் வந்த பதில் ஒரே வரி: இறால் நோயால் இறந்துள்ளது.

நோய்தான் ஐயா. அந்த நோய் யார் கொடுத்தது? கட்லா மேல்மட்டத்து மீன். இறால் அடிச்சேற்றோடு கிடக்கிற உயிர். கழிவு அழுகினால் ஆக்சிஜன் முதலில் தீர்வது அடியில்; அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்பைடும் திரள்வதும் அங்கேதான். இரவெல்லாம் பாசியும் மூச்சு வாங்குவதால் விடியலுக்கு முன்தான் ஆக்சிஜன் அடியோடு இறங்கும். பகலில் அளந்தால் எல்லாம் சரியாகவே காட்டும். நைட்ரைட் ஏறினால் இறாலின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கத் திணறும். எதிர்ப்புச் சக்தி விழும். ஓடு உரிக்கும் நேரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அப்புறம் எந்தக் கிருமி வந்தாலும் போதும், உங்கள் அறிக்கைக்கு ஒரு நோய் கிடைத்துவிடும். வயலில் அடித்த பூச்சிமருந்து கலந்தாலும் இதே கதிதான். பூச்சியும் இறாலும் ஒரே கணுக்காலிக் கூட்டம். மீனைக் கொல்லாத அளவு சைபர்மெத்ரினே இறாலைக் கொன்றுவிடும். கட்லா உயிரோடு இருப்பது எதற்கும் சாட்சியாகாது.

கடலோர இறால் பண்ணைகள் நிலத்தையும் நீரையும் கெடுப்பதாகச் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் அந்தப் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. இறால் பண்ணை தண்ணீரைக் கெடுத்தால் பண்ணைமேல் குற்றம். சரி, நியாயம். தண்ணீர் இறாலைக் கொன்றாலும் இறால்மேல்தான் குற்றமா?

ஒரு குட்டைக்கு இவ்வளவு பேச்சா என்பீர்கள். கெலவரப்பள்ளி அணை குட்டையல்லவே. பெங்களூருவின் கழிவைச் சுமந்துவரும் தென்பெண்ணை அங்கே மலைமலையாக நுரை தள்ளியதை நாடே பார்த்தது. அதே ஆற்றுத் தண்ணீரை எண்ணேகொல்புதூரிலிருந்து கால்வாய் வெட்டி எங்கள் பக்கத்துத் தும்பலஹள்ளி அணைக்குக் கொண்டுவரத் திட்டம். வரட்டும், காய்ந்த பூமிக்குத் தண்ணீர் வேண்டும்தான். வருவது என்ன தண்ணீர் என்று பார்த்துச் சொல்லப்போவது நீங்கள்தானே, அதை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

நட்டஈடு கேட்டு எழுதவில்லை. அந்த ஒரு வரியைத் திருத்துங்கள். அடுத்த மழையில் விடிவதற்கு முன் வந்து அடித்தண்ணீரை எடுங்கள். தூக்கம் கெடும் என்றால் வேண்டாம். எங்கள் இறால்களுக்கு ஒரு பயிற்சி முகாம் நடத்திவிட்டுப் போங்கள். காலை பத்து மணிக்கு மேல், மாலை ஐந்தே முக்காலுக்குள், அரசு விடுமுறை நீங்கலாக, அதிகாரிகள் முன்னிலையில் சாவது எப்படி என்று.

இப்படிக்கு,
பாலக்கோடு விவசாயி ஒருவன்