மந்த புத்தியும் காரீயமும்

வகுப்பில் ஒரு சிறுவன் பின்தங்குவானாயின், அதற்குச் சோம்பலோ பிறவி மந்தமோ காரணம் என்று முடிவு கூறிவிடுவது எளிது. அம்முடிவு தவறாகவும் இருக்கக்கூடும். குழந்தையின் மூளையைக் கெடுக்கும் புறக் காரணங்களுள் காரீயம் முக்கியமானது. அதனைத் தடுக்கும் பணியில், மருத்துவருக்கு முன்னதாகவே ஆசிரியரும் களப்பணியாளரும் முனைந்து நிற்றல் வேண்டும்.

காரீயம் உடலுக்கு எவ்வகையிலும் தேவைப்படாத உலோகமாகும். நரம்பணுக்கள் தம்முள் செய்தி பரிமாறிக் கொள்வதற்குக் கால்சியம் இன்றியமையாதது. அதன் இடத்தைக் காரீயம் பற்றிக்கொள்வதால் வளரும் மூளையின் அமைப்பே பாதிக்கப்படுகிறது. ஒரே அளவு காரீயத்தை விழுங்கினாலும், வளர்ந்தவர் உடலில் சேர்வதைப்போல் நான்கு அல்லது ஐந்து மடங்கு குழந்தையின் உடலில் சேரக்கூடும். இரும்புச் சத்தும் கால்சியமும் குறைந்த உணவை உண்ணும் ஏழைக் குழந்தையின் உடலிலோ அது இன்னும் மிகுதியாகச் சேர்கிறது.

இத்தீங்கை வெளிப்படுத்தியதில் ஆசிரியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்காவில் ஹெர்பர்ட் நீடில்மன் குழுவினர் விழுந்த பாற்பற்களில் காரீயத்தை அளந்து, 1979இல் தம் முடிவை வெளியிட்டனர். காரீயம் மிகுந்த பிள்ளைகள் அறிவுத்திறன் சோதனையில் குறைந்த மதிப்பெண் பெற்றனர். பற்களின் அளவை அறியாத ஆசிரியர்களும், அப்பிள்ளைகளிடமே கவனச் சிதறலை மிகுதியாகக் குறித்திருந்தனர். சென்னையில் மூன்று முதல் ஏழு வயது வரையிலான 756 குழந்தைகளைப் பற்றி 2009இல் வெளியான ஆய்விலும், இரத்தத்தில் காரீயம் மிக மிக, ஆசிரியர்கள் குறித்த கவனக் குறைவும் பதற்றமும் மிகுந்தே காணப்பட்டன. இந்தியாவில் 27 கோடிக்கு மேற்பட்ட குழந்தைகளின் இரத்தத்தில், டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் காரீயம் இருக்கக்கூடும் என்பது யூனிசெப் நிறுவனமும் பியூர் எர்த் அமைப்பும் 2020இல் வெளியிட்ட மதிப்பீடு.

நோய் கண்டபின் மருந்து கொடுத்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் நடந்து 2001இல் வெளியான பெரியதொரு பரிசோதனை இதற்கு விடை தருகிறது. மருந்து இரத்தத்திலிருந்த காரீயத்தைக் குறைத்தது; ஆனால் குழந்தைகளின் அறிவுத்திறன் மதிப்பெண்ணை உயர்த்தவில்லை. ஆதலின் வருமுன் காத்தலே உறுதியான வழி.

அரசாங்கம் சில வாயில்களை அடைத்துள்ளது. 2000ஆம் ஆண்டில் நாடெங்கும் காரீயம் கலந்த பெட்ரோல் விலக்கப்பட்டது. வீட்டுப் பெயிண்டுகளில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாது என்னும் விதி 2017இல் நடைமுறைக்கு வந்தது. எனினும் பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் சிறு உலைகள், உதிரும் பழைய பெயிண்ட், மஞ்சள் தூளுக்கு நிறமேற்றும் லெட் குரோமேட் ஆகியவை எஞ்சியுள்ளன. பாத்திரத்திற்கு ஈயம் பூச வேண்டியது வெள்ளீயத்தால். அதிலும் காரீயம் கலப்பதுண்டு. பென்சிலின் உள்ளீட்டைக் காரீயம் என வழங்கினும், அது கரியின் ஒரு வகையே; அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை.

காரீயம் ஏறிய குழந்தையை முகத்தைப் பார்த்து அறிய இயலாது. இரத்தச் சோதனையே அதனைக் காட்டும். எனவே எந்தக் குழந்தைக்கும் ஆசிரியர் புதுப் பட்டம் சூட்டலாகாது. பின்தங்கும் குழந்தையின் வீடு எங்குள்ளது, தந்தை என்ன தொழில் செய்கிறார் என்பவற்றை அவர் விசாரித்தறியலாம். ஒரே தெருவிலிருந்து பல குழந்தைகள் அவ்வாறு வருவராயின், அதனைச் சுகாதார ஊழியருக்கு அறிவித்தல் வேண்டும். களப்பணியாளர் உலை இருக்கும் இடத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்குத் தெரிவிக்கலாம். பேட்டரித் தொழிலாளர் உடை மாற்றிக் குளித்தபின்பே குழந்தையைத் தூக்குதல், உண்ணுமுன் கை கழுவுதல், தரையை ஈரத்துணியால் துடைத்தல் ஆகியவற்றை வீடுதோறும் எடுத்துரைக்கலாம்.

இம்முயற்சி வீண்போகாது என்பதற்கு வங்காள தேசம் சான்று. அங்கே 2019இல் சந்தையில் எடுத்த மஞ்சள் மாதிரிகளில் நூற்றுக்கு 47இல் காரீயம் இருந்தது. வணிகருக்கு எச்சரிக்கையும், சந்தையில் சோதனையும், தவறியோர்க்குத் தண்டனையும் சேர்ந்தபின், 2021இல் சோதித்த மாதிரிகளில் ஒன்றிலும் அது காணப்படவில்லை. இரண்டே ஆண்டுகளில் அங்கு முடிந்தது இந்நாட்டிலும் முடியும். ஒரு குழந்தையை மந்தன் என்று ஏட்டில் எழுதுவதற்கு முன், அதன் வீட்டுச் சுவரையும் மண்ணையும் உணவையும் பற்றி ஒரு கேள்வி கேட்பது அதற்குத் தொடக்கமாகும்.